ஹயாத் பாஷாவின் கரைக் கணக்கு

திருவள்ளூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹயாத் பாஷா, தன் மனைவி மெஹர்னிசா இனி ஆயுசுக்கும் அந்தக் கிளிப்பச்சைப் புடவையைக் கட்டக் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு முன்னால் முடிவு செய்தார். நாஷ்டாவுக்குப் பிறகு செய்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். வெறும் வயிற்றில் எடுத்த முடிவு, அப்படியே நின்றுவிட்டது.

பதினாறு வருஷமாகப் புடவையை விரித்து விரித்து மடித்ததில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. ஒரு பெண்பிள்ளை கடைப்படி ஏறி முதலில் எந்தப் புடவை மேல் கை வைக்கிறாளோ, அதைக் கொண்டே அவள் புருஷனின் உத்தியோகம், வீட்டின் அளவு, சமையலறையில் ஜன்னல் உண்டா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவதாக அவருக்கு நினைப்பு. ஏர் பூட்டுகிற வீட்டு அம்மாக்கள் அரக்கில் கை வைப்பார்கள். கரை எட்டு விரற்கடை வேண்டும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் கரை நாலு விரற்கடைக்கு இறங்கும். முன்சீப் வீட்டம்மா கை வைத்தது பிஸ்கட் கலரில் மெல்லிய வாயில் துணிப் புடவை மேல். அதில் கரை ஒரு விரற்கடை; அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

"புரியுதா மெஹரு? கரை குறையக் குறைய அந்தஸ்து ஏறும்" என்றார்.

மெஹர்னிசா இடியாப்பத்தைத் தட்டில் வைத்தாள். "முன்சீப் ஊட்ல ஒரு விரல்னா, கலெக்டர் ஊட்டம்மாவுக்கு?"

"கரையே இருக்காது."

"கவர்னர் ஊட்டம்மாவுக்கு?"

ஹயாத் பாஷா இடியாப்பத்தைப் பார்த்தார்.

"வேணாங்க. சொல்லிடாதீங்க" என்றாள் அவள்.

விஷயம் என்னவென்றால், மறு ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் ஒரு நிக்காஹ். ஹயாத் பாஷாவின் பெரியப்பா மகன் ஹபிபுல்லாவின் பெண்ணுக்கு. ஹபிபுல்லா பட்டணத்து மண்ணடியில் மொத்த வியாபாரம். திருநின்றவூரில் தோப்பும் பங்களாவும் வாங்கிப் போட்டிருந்தார். தன் சரக்குக்குத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு ஏஜெண்டு தேடிக்கொண்டிருந்தார். அந்த ஏஜென்சி ஹயாத் பாஷாவின் கனவில் ஆறு மாதமாக வந்து போய்க்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து மெஹர்னிசா, தன் தாயார் நோன்புப் பெருநாளைக்குக் கொடுத்த கிளிப்பச்சைப் புடவையைத்தான் கட்டுவேன் என்கிறாள். கிளிப்பச்சை என்றால் கிளியே கூச்சப்படும் பச்சை. கரை எட்டு விரற்கடை, மிளகாய்ப்பழச் சிவப்பு.

"பட்டிக்காட்டுப் புடவை அது. அதைக் கட்டிக்கினு நீ நின்னா, ஜவுளி ஏஜெண்டு பொண்டாட்டின்னு எவன் சொல்வான்? என் மானம் போயிடும்."

"யாரு பாக்கப் போறா? மேல துப்பட்டி போத்திக்கினுதானே வரேன்."

அது நிஜம். தெருவில் இறங்கினால் மெஹர்னிசா வெள்ளைத் துப்பட்டியால் தலை முதல் கணுக்கால் வரை போர்த்திக்கொள்வாள். உலகத்துக்குத் தெரிவது துப்பட்டிக்குக் கீழே ஒரு சாண் கரை மட்டும்தான்.

"அந்த ஒரு சாண் போதும். சிகப்புக் கொடி காட்டினா மாதிரி ரயிலே நின்னுடும்."

"முன்சீப் ஊட்டம்மா அடுப்பு ஊதறாங்களா? எறா உரிக்கறாங்களா?" என்றாள் மெஹர்னிசா. "பிஸ்கட்ல ஒரு சொட்டு கொழம்பு பட்டா ஊருக்கே தெரியும். சிகப்புல சட்டியே கவுந்தாலும் தெரியாது. நீங்க சொல்ற அந்தஸ்து கரையில இல்லீங்க. ஊட்ல வேலைக்காரி இருக்காளா இல்லியா, அவ்ளோதான்."

இதற்கு ஹயாத் பாஷாவிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது அவர் வழக்கம். உயர்த்தினார். கடைசியில் மெஹர்னிசா, "சரி" என்றாள்.

வெறும் 'சரி'. பின்னால் ஒரு 'ஆனா' இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷமான ஒரு மனுஷன் அந்த இடத்தில் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். ஹயாத் பாஷா இன்னொரு இடியாப்பம் கேட்டார்.

அன்றைக்கே கடைக்குப் போய் இன்னொரு காரியமும் செய்தார். மண்ணடியிலிருந்து வாங்கி விற்காமல் கிடந்த பிஸ்கட் கலர்ப் புடவைகளைத் தூசி தட்டி, அந்தக் கல்யாணத்துக்குப் போகிற திருவள்ளூர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் எடுத்துப் போனார். "பெரிய எடத்துப் பொம்பளைங்க எல்லாம் இப்ப இதைத்தான் கட்றாங்க" என்றார். பெரிய இடம் என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை? எட்டு வீட்டில் எட்டு புடவை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஹர்னிசா சொன்ன சொல் தவறாமல் பிஸ்கட் கலரில் வந்து நின்றாள். முகத்திலும் பிஸ்கட் கலர்தான், பேச்சே இல்லை. இடுப்பில் ஒரு சின்ன மூட்டை.

"இன்னா அது?"

"பழவேற்காட்டுலேருந்து அம்மா நேரா கல்யாண ஊட்டுக்கு வராங்க. அவங்க சாமான்."

மாமியார் ஆபிதா பெயரைக் கேட்டதும் ஹயாத் பாஷா மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு வருஷமாக மகள் வீட்டில் பத்து நாள் தங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'மழை நிக்கட்டும் மாமி', 'வெயில் தணியட்டும் மாமி' என்று இவரும் பருவகாலங்களை ஒவ்வொன்றாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். மூட்டையைப் பற்றிப் பேசினால் பேச்சு அங்கே போய் நிற்கும்.

கல்யாணம் அமர்க்களம். பெண்டுகள் உள்ளே, ஆண்கள் பந்தலில். பிரியாணிக்குப் பிறகு ஹபிபுல்லா உள்ளே போய்விட்டு வந்து, ஹயாத் பாஷாவின் தோளில் கை போட்டார்.

"பாஷா, உன் சம்சாரத்துக்கு நல்ல ரசனைப்பா. உள்ள பெண்டுங்க எல்லாம் அந்தப் புடவையப் பத்திதான் பேச்சு. எங்க ஊட்டுல என்னைப் புடிச்சிக்கினு வுடல. எங்க வாங்கினதுன்னு கேட்டா, 'எங்க கடையிலதான்'னு சொல்லிச்சாம் உன் சம்சாரம்."

"ஆமாம் அண்ணே. நம்ம கடைதான்." ஹயாத் பாஷாவுக்குத் தொப்பி தலையில் சிறியதாகிவிட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை வரேன். அந்த ரகத்துல இருக்கறத எடுத்து வை. ஏஜென்சி விஷயத்தையும் அப்பவே முடிச்சிடலாம்."

திரும்பி வருகிற பாசஞ்சர் வண்டியில் ஹயாத் பாஷா உட்காரவே இல்லை. மூன்று ஸ்டேஷன் தூரமும் நின்றுகொண்டே சிரித்தார்.

திருவள்ளூரில் இறங்கிப் பெண்கள் பெட்டியைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. பிளாட்பாரத்தில் வெள்ளைத் துப்பட்டிகள் கும்பலாக நின்றன. ஒவ்வொரு துப்பட்டிக்குக் கீழும் பிஸ்கட் கலர். ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடை. எல்லாம் அவர் கைப்பட விற்றது.

இதற்கு முன்னால் இந்தத் தொல்லையே கிடையாது. சிவப்புக் கரை சிக்னல் கம்பத்திலிருந்தே தெரியும். நேரே போய் நின்றுவிடுவார். இப்போது எதில் போய் நிற்பது? முகத்தைக் குனிந்து பார்க்க முடியுமா? ஒன்று தன் மனைவி என்றால் மீதி எட்டும் அடுத்தவன் மனைவி. பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? நடு பிளாட்பாரத்தில் பெண்டாட்டி பெயரைக் கூவுகிற வழக்கம் அவர் பரம்பரையில் யாருக்கும் இல்லை.

கும்பலுக்கு அப்பால், ஐந்தடி தள்ளி, ஒரே ஒரு துப்பட்டி தனியாக நின்றது. அதன் கீழே பளீரென்று எட்டு விரற்கடை மிளகாய்ச் சிவப்பு. ஹயாத் பாஷாவுக்கு ஒரு நொடி பரிதாபமாக இருந்தது. 'பாவம், எவன் பொண்டாட்டியோ. புருஷன்காரன் வாயில்லாப் பூச்சி போலிருக்கு' என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு மூன்று தரம் இருமினார். மூன்றாவது இருமலுக்கு ஒரு பிஸ்கட் கலர் கும்பலிலிருந்து பிரிந்து அவர் பின்னால் வந்தது. அப்பாடா என்றிருந்தது. வழக்கமான ஜட்கா வண்டிக்காரன் சின்னராசுவைக் கூப்பிட்டு, அவளைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு, இவர் சுற்றிப் போய் முன்பக்கம் தொற்றிக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக நேரம் பிடிக்கும்.

"இன்னும் கோவமா?" என்றார் ஹயாத் பாஷா, திரும்பாமலே.

பதில் இல்லை.

"ஹபிபுல்லா அண்ணன் இன்னா சொன்னாருன்னு தெரியுமா? பெண்டுங்க எல்லாம் உன் புடவையப் பத்திதான் பேச்சாம். நான் சொன்னப்ப கேட்டியா நீ?"

ஓரக்கண்ணால் பார்த்தார். துப்பட்டி லேசாகக் குலுங்கியது. அழுகிறாள். ஹயாத் பாஷாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தா, அழுவாத. உங்கம்மா குடுத்தத வாணாம்னு சொல்லிட்டேன்னுதானே வருத்தம்? அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. பழவேற்காட்டுல கருவாடு பாத்து வாங்கத் தெரியும். புடவை பாக்கத் தெரியுமா? மிளகா மண்டிக்குப் போயி புடவை எடுத்துக்கினு வந்துட்டாங்க."

குலுக்கல் சட்டென்று நின்றது. ஆறுதல் வேலை செய்கிறது என்று அவருக்குத் தெம்பு வந்தது.

"பாய், போதும் பாய்" என்றான் சின்னராசு.

"நீ குதிரையப் பாருடா." குரலைத் தழைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டா? நிக்காஹ் ஆன புதுசுல நீ அதே மாதிரி ஒரு பச்சையக் கட்டிக்கினு கதவுக்குப் பின்னால நின்ன. சிகப்புக் கரை மட்டும் வெளிய தெரிஞ்சுது. அன்னிக்குக் கடையில நான் மூணு பேருக்குத் துணியத் தப்பா அளந்து கிழிச்சேன். எங்க வாப்பா திட்டினாரு. உனக்கு அது அவ்ளோ பாந்தம். ஏஜென்சி வந்து இன்னா, நீ பேசாம மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தா எனக்கு ஊடே புடிக்கல. கட்டிக்க. எங்க வேணா கட்டிக்க. நான் ஒண்ணும் சொல்லல."

சொன்ன பிறகு அவருக்கே கண் கலங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா நான் எறங்கி வந்தது உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மூட்டை முடிச்சோட வந்து என் தலைமேல உக்காந்துப்பாங்க. அந்தப் பேஜாரு நமக்கு வாணாம்."

வண்டி வீட்டு வாசலில் நின்றது. பின்னால் இருந்தவர் மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வாசற்படி ஏறித் துப்பட்டியை விலக்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாப்ளே" என்றார் ஆபிதா.

ஹயாத் பாஷாவின் ஒரு கால் வண்டிப்படியில், ஒரு கால் தரையில் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏறும்போதே 'மெதுவா ஓட்டுப்பா, இடுப்பு வலி'ன்னாங்க பாய்" என்றான் சின்னராசு. "நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க. சொல்ல வுட்டீங்களா?"

"மாமி... நீங்க எப்படி..."

"நீங்க இருமினீங்க. கூப்புடறீங்களாக்கும்னு வந்தேன்."

"வழியில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி."

"மாப்ள பேசும்போது குறுக்க பேசறது மரியாதையில்லையே." ஆபிதா வீட்டை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். "மூட்டை முடிச்சு பின்னால வண்டியில வருது."

இரண்டாவது ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியது மிளகாய்ப்பழச் சிவப்பு, எட்டு விரற்கடை. அதற்கு மேலே மெஹர்னிசா. காலையில் மூட்டையில் போன கிளிப்பச்சை, கல்யாண வீட்டில் மகள் மேல் ஏறியிருந்தது. மகளுடைய பிஸ்கட் கலர் தாயார் மேல் வந்திருந்தது.

ஹயாத் பாஷாவுக்குக் கல்யாணப் பந்தல் திரும்பத் தலைக்குள் சுழன்றது. "அப்போ ஹபிபுல்லா அண்ணன் சொன்ன புடவை..."

"இதுதான். அவர் ஊட்டம்மா ஒரு டஜன் கேட்டிருக்காங்க" என்றாள் மெஹர்னிசா.

"கடையில இந்த ரகம் ஒண்ணுகூட இல்லியே. வெள்ளிக்கிழமை வராரே மனுஷன். எங்க போவேன்?"

"கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒருத்தர் தறி போட்டிருக்காரு. அம்மா இத அவருகிட்டதான் எடுத்தாங்க. ஆளு கொஞ்சம் முசுடு. அம்மா நேர்ல போய்ச் சொன்னாத்தான் நெய்து வச்சிருக்கறதக் குடுப்பாரு."

ஹயாத் பாஷா மாமியார் பக்கம் திரும்பினார். ஆபிதா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னா தெரியும் மாப்ளே. நான் கருவாடு பாக்கறவ."

"மாமி," என்றார் ஹயாத் பாஷா. குரல் மல் துணி மாதிரி தழைந்திருந்தது. "வெயில் தணிஞ்சுடுச்சு மாமி. மழையும் நின்னுடுச்சு. பத்து நாள் என்ன, மாசக் கணக்கா இருங்க. உள்ள வாங்க."

ஆபிதா உள்ளே போனார். வாசலில் மெஹர்னிசா மட்டும் நின்றாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கதவுக்குப் பின்னால் நின்ற அதே நிற்பு. பார்க்கப் பார்க்க ஹயாத் பாஷாவுக்குக் கோபம் வர மறுத்தது.

"ஸ்டேஷன்ல கும்பலுக்கு அஞ்சடி தள்ளித்தானே நின்னேன்" என்றாள். "என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினீங்க. இன்னா நெனச்சீங்க அப்போ?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

"பாவம், இவ புருஷன் வாயில்லாப் பூச்சி போலிருக்குன்னு நெனச்சேன்."

"சரியாத்தான் நெனச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, மெஹர்னிசா தாயாரின் மூட்டையை அவர் தலையில் வைத்தாள்.