கூண்டுத் துணிக்குள் ஆங்கிலம்

வெள்ளைக்காரம்மா மூன்றாவது தடவை கேட்டாள். வார்தோயோவுக்கு மூன்றாவது தடவையும் புரியவில்லை.

கைப்பேசித் திரையில் அவள் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. அதன் நெஞ்சில் ஒரு இறகுகூடக் கிடையாது. உரித்த கோழிக்கு உயிர் வந்து கம்பியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"குட் பெர்ட்," என்றார் வார்தோயோ.

அவள் கிளியைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இவரைப் பார்த்தாள். ரெண்டு பேரில் யார் அதிகப் பாவம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

அவள் பெயர் ஃபியோனா. ஆஸ்திரேலியாக்காரி. ஜாவாத் தீவில் ஜோக்ஜா நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் நாற்பது பறவைகளோடு இருக்கிறாள். பாதி நாள் ஊரில் இருக்கமாட்டாள். பறவைகளைக் கவனிக்க ஆள் வேண்டும். தினமும் போனில் ஆங்கிலத்தில் நிலவரமும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் பறவை தெரிந்தவன் தெருவுக்கு நாலு பேர். அதோடு ஆங்கிலமும் தெரிந்தவன் ஒருத்தன் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் வார்தோயோ இறங்கினார்.

செங்கல் சூளை மூடி எட்டு மாதம். அவர் வேலையும் அதோடு போச்சு. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவருடைய சோலைபாடிப் பறவை, செல்லப்பெயர் பெத்திர், பறவைச் சந்தைக்கு விலைக்குப் போகும். மனைவி துமினா சொல்லிவிட்டாள். துமினா சொன்னதை மாற்ற இதுவரை யாரும் பிறக்கவில்லை.

மூன்று மாதமாக அவர் ஆங்கிலம் படித்தார் என்றுதான் தெருவே நம்பியது. படித்த லட்சணம் இதுதான்.

பாட்டுப் போட்டிக்குப் பறவையைப் பழக்க ஜாவாவில் ஒரு வழி உண்டு. கூண்டைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பக்கத்தில் வேறொரு பறவையின் பாட்டை ஓடவிடுவார்கள். இருட்டில் அதற்கு வேறு என்ன வேலை? கேட்டுக்கொண்டே கிடக்கும். பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்போது பாட்டும் கூடவே முளைத்திருக்கும். வார்தோயோ இப்படிப் பதினாறு பறவைகளுக்குப் பாட்டு ஏற்றியவர். பதினேழாவதாகத் தன்னையே எடுத்துக்கொண்டார்.

சமையற்கட்டு மூலையில் ஒரு நாற்காலி. தலை முழுக்கப் பெத்திரின் கூண்டுத் துணி. மடியில் கைப்பேசி. அதில் பறவை வளர்ப்போருக்கான ஆங்கிலப் பாடம், மொத்தம் தொண்ணூறு. ஒரு பெண் குரல் ஒவ்வொரு சொல்லாக, அப்புறம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால், "இப்போது நீங்கள் சொல்லுங்கள்," என்று உள்ளூர்ப் பாஷையிலேயே சொல்லிவிட்டுக் காத்திருக்கும்.

முதல் நாளே துமினா, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த டெம்பே கட்டியை நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க இது கோலம்?"

"ஆங்கிலம் ஏறுது. பேசாத."

"திருப்பிச் சொல்லுங்கன்னு அது கெஞ்சுது. வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?"

"பெத்திர் என்னைக்காவது திருப்பிச் சொல்லிச்சா? மூடி வெச்சேன், கேட்டுச்சு, ஒருநாள் கொட்டிச்சு. அதெல்லாம் தானா வரும்."

"பெத்திர் குறட்டை விடாது."

துணி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"சரி, பறவைன்னு ஆகிப்போச்சு. காலையில பத்து சில்வண்டு, சாயங்காலம் பத்து சில்வண்டு. சோறு எதுக்கு?"

துணி உடனே விலகியது. சோற்றை வாங்கிக்கொண்டு மறுபடி மூடிக்கொண்டது.

மூன்று மாதமும் இதே கதை. மூலையில் பாடம் ஓடும். அடுப்படியில் துமினா கடைகளுக்குப் போடும் டெம்பே வறுவல் பொரியும். துணிக்குள் குறட்டை.

இப்போது திரையில் ஃபியோனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வார்தோயோ வாயைத் திறந்தார். கொட்டும் என்று காத்திருந்தார். ஒன்றும் கொட்டவில்லை. மேலே தொங்கிய பெத்திர் வாலை ஆட்டியது. சந்தை அவர் கண்முன் வந்துவிட்டது.

அப்போது எண்ணெய்ச் சட்டிப் பக்கமிருந்து ஒரு குரல்.

"மேடம், ஹவ் லாங் ஹேஸ் ஹீ பீன் ப்ளக்கிங் ஹிஸ் ஃபெதர்ஸ்?"

பாடம் தானாக ஓட ஆரம்பித்துவிட்டதோ என்று வார்தோயோ கைப்பேசியைப் பார்த்தார். ஓடவில்லை. திரும்பிப் பார்த்தார். துமினா. கையில் ஜல்லிக்கரண்டி.

ஃபியோனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடகடவென்று பேசினாள். துமினா தலையாட்டினாள், குறுக்கே கேட்டாள், மறுபடி தலையாட்டினாள். அலகு, நகம், எச்சம், உட்காரும் குச்சி, எல்லாம் ஆங்கிலத்தில் வறுவல் மாதிரி மொறுமொறுவென்று விழுந்தன.

அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ரெண்டு மாசமா இறகைப் பிடுங்குதாம். தோல் நல்லாருக்காம், எச்சமும் கெட்டியாம். தின்கிறது சூரியகாந்தி விதை மட்டும். இந்தம்மா ஊருக்குப் போனா யாரும் கிட்டயே போறதில்லையாம். என்ன பண்ணணும்?"

இது மட்டும் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். "விதையைக் குறைக்கணும். பழமும் கீரையும் குடுக்கணும். தினம் தண்ணி தெளிக்கணும். கடிச்சுக் கிழிக்கத் தென்னைமட்டை தொங்கவிடணும். தனியா விடக்கூடாது, அதுக்குத் தனிமைதான் வியாதி."

துமினா சொன்னாள். அவர் சொன்னது ஐந்து வாக்கியம். அவள் சொன்னது எட்டு.

வார்தோயோ எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது. போட்டி மைதானத்தில் என்றைக்காவது ஒருநாள் இப்படி நடக்கும். நிஜமான பறவை ஒன்று வாலை விரித்துப் பாட ஆரம்பிக்கும். பக்கத்துக் கூண்டுகள் அடங்கிவிடும். நடுவர் மதிப்பெண் கொடியைக் கூண்டுக்கு அடியில் நட மறந்துபோவார். அப்படி ஒரு பறவைக்காக இருபது வருஷம் சந்தை சந்தையாக அலைந்தவர் அவர். அது அடுப்படியில் நின்று டெம்பே பொரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. உதடு தானாகக் குவிந்து மெல்லச் சீட்டி அடித்தது. தன் பறவை பாடும்போது சொந்தக்காரன் அடிக்கிற சீட்டி.

"சும்மா இருங்க," என்றாள் துமினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபியோனா சிரித்தபடி திரையிலிருந்து மறைந்தாள்.

"வேலை?" என்றார்.

"கிடைச்சுடுச்சு."

"எனக்கா?"

"எனக்கு. நான் பொறுப்பு, இவர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர், கை ராசிக்காரர்னு சொன்னேன். திங்கக்கிழமையிலேருந்து ரெண்டு பேரும் வரணுமாம்."

அவள் கூடுதலாகச் சொன்ன மூன்று வாக்கியம் அதுதான். வார்தோயோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரமிப்பு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"நானும்தானே கேட்டேன். தொண்ணூறு பாடமும்."

"கேட்டீங்க. நான் சொல்லிப் பார்த்தேன்," என்றாள்.

சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். அவரை உட்காரவைத்தாள். முதல் பாடத்தை ஓடவிட்டாள்.

"திங்கக்கிழமைக்குள்ள பத்துப் பாடம். வாய்விட்டுச் சொல்லணும்."

"பெர்ட்," என்றது அந்தக் குரல். "இப்போது நீங்கள் சொல்லுங்கள்."

வார்தோயோ துணியைத் தேடினார்.