பூஜ்யம் சாய்ப்பு

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான சாதனை, ஓஹாயோ மாநிலத்து வாட்ஸ்டன் 'கொல்லர்கள்' என்ற, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக பிரஸ்டன் விட்லோ தயாரித்த நாற்பத்தொரு கட்ட அட்டவணைதான். ருடி ஹிலவாசெக்குக்கு அதில் சந்தேகமே இல்லை. அவனை ஆட்டத்திலிருந்து தூக்கி பெஞ்சில் உட்கார வைத்ததே அந்த அட்டவணைதான். முன்னூற்றுப் பத்து பவுண்டு எடையை அற்பமான ஒன்றால் தூக்க முடியுமா?

பந்தெறியும் டால்டன் கிரீச்சுக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐவரில் ருடி இடது ஓரம். டால்டன் வலக்கைக்காரன், எறியத் திரும்பினால் இடப்பக்கம் அவனுக்குக் கண்ணே தெரியாது. ஆகவே அவன் முதுகெலும்புக்கு ருடிதான் பொறுப்பு. ஒன்பது வருஷத்தில் ருடியைத் தாண்டி ஒரே ஒருவன்தான் போனான். அவனும் கழிப்பறைக்கு வழி கேட்டுக்கொண்டு போனவன்.

'பாதுகாப்புத் திறன் மதிப்பீட்டு அதிகாரி'யாகப் பதவியேற்ற விட்லோ முதல் சுற்றறிக்கையை விட்டார். சுவரை அறியச் சுவரைப் பார்ப்பது பாமர வழக்கம். எறிபவனின் எண்களைப் பார்ப்பதே விஞ்ஞானம். பந்து கையில் இருக்கும்போதே எதிரணியார் அவனைத் தரையில் தள்ளினால் அது ஒரு 'சாய்ப்பு'. சாய்ப்பு கூடினால் சுவர் மோசம். எறிந்த பிறகு அவன் விழுந்தால், அது அவனுடைய சொந்த விஷயம்.

ருடி காவல் நின்றால் டால்டன், உணவகத்தில் பட்டியலைப் படிப்பவன்போல் ஆறேழு வினாடி ஆற அமர யோசிப்பான். அதற்குள் எவனாவது மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவான். ஆறு ஆட்டங்களில் பதினொரு சாய்ப்பு.

ஏழாவது ஆட்டத்தில் ருடிக்குக் கணுக்கால் சுளுக்கியது. கைல் புரூவிட் இறங்கினான். தேவாலய வாசலில் வரவேற்பவன்போல் ஒதுங்கி, எல்லோருக்கும் வழிவிடும் பண்பாளன். உயிர்ப் பயத்தில் டால்டன் ஒரே வினாடியில் பந்தை எங்கேயோ வீசினான். அடுத்த வினாடி மூன்று பேர் அவன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று முழுக்க இப்படியே. சாய்ப்பு: பூஜ்யம். விட்லோ கண் கலங்கிவிட்டார்.

கணுக்கால் குணமான ருடி, விசாரணைக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டான். ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்றார் பயிற்சியாளர் மார்வ். படத்தில் உணர்ச்சி கலந்திருக்கும் என்று விட்லோ மறுத்துவிட்டார்.

"நான் என் ஆளை விடவே இல்லையே சார்," என்றான் ருடி.

"அதாம்ப்பா தப்பு. நீ விடாம நிக்கறே, அவன் எறியாம நிக்கறான். சோம்பேறி ஆக்கிட்டே அவனை."

"அப்ப கைல்?"

"ஊக்கப்படுத்தறான்."

கைல் கடைசி வரை பூஜ்யத்தைக் காப்பாற்றினால் அடுத்த வருஷம் அணியில் ருடிக்கு இடமில்லை என்று தீர்மானமாயிற்று. கைல் காப்பாற்றினான். பூஜ்யத்தை மட்டும்.

"கவலைப்படாதேடா ருடி," என்று மார்வ் மட்டும் ஆறுதல் சொன்னார். "உன்னால இந்த பெஞ்சாவது பத்திரமா இருக்கு."

வருஷக் கடைசி விருந்தில், பந்தெறிபவன் தன்னைக் காத்தவர்களுக்கு ஆளுக்கொரு புகையூட்டிய பன்றித்தொடை தருவது வாட்ஸ்டன் வழக்கம். டால்டன் கழுத்துப் பட்டையோடும், இரண்டு கைகளிலும் மாவுக்கட்டோடும் வந்தான். ஒரே ஒரு தொடைதான் கொண்டுவந்திருந்தான். அதையும் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டு, ருடிக்கு முன்னால் குனிந்து நின்றான்.

விட்லோ திடுக்கிட்டார். "பெஞ்சுல உக்காந்தவனுக்கா? கைல் வந்ததுக்கு அப்புறம் உன்னை ஒரு தடவையாவது பந்தோட சாய்ச்சாங்களா?"

"இல்ல சார். கைல் வந்தான், கை ரெண்டும் போச்சு."

"அதுக்குக் கட்டம் இல்லைப்பா."

பிறகு மேடையில், 'தங்கச் சுவர்' கேடயத்தை விட்லோ கைலிடம் நீட்டினார். ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருவதைக் கண்ட கைல், பழக்கதோஷத்தில் ஒதுங்கினான். பிடிக்க ஆளில்லாமல் பாய்ந்து வந்த கேடயமும் அதன் பின்னாலேயே விட்லோவும், கைலுக்குப் பின்னால் நின்ற டால்டன்மேல் நேராக விழ இருந்தார்கள். ருடி குறுக்கே வந்து இரண்டையும் வயிற்றில் வாங்கிக்கொண்டான்.

விட்லோ எழுந்து, சட்டையைச் சரிசெய்து, அட்டவணையை விரித்தார். டால்டன் விழவில்லை, மேடையில் காவல் நின்றவன் கைல். கைல்: மறுபடியும் பூஜ்யம். தீர்மானப்படி அடுத்த வருஷப் பட்டியலில் ருடியின் பெயரை அடித்தார்.

"என் பேரையும் அடிச்சிருங்க சார்," என்றான் டால்டன். "என்னை அடிக்கறதுக்குத்தான் உங்ககிட்ட தடையே கிடையாதே."