இரண்டு சீட்டு வண்டி விஷயமாக மைத்துனனுக்கு

மானாம்பதி,
துன்மதி வருஷம், ஆவணி 18, வியாழக்கிழமை.

பெரம்பூரில் சீரோடு இருக்கும் மைத்துனன் வரதனுக்கு, அக்காள் புருஷன் பச்சமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். மழையில் நனைந்தாலும் மாடு சுகம். இரண்டு கார்களும் சுகம். உன் அக்காள் பாஞ்சாலியும் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிகிறது. அவள் என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறபடியால் கேட்டு எழுத வசதியில்லை. அங்கே நீயும் தேவகியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஏரிக்கரை அம்மன் துணை செய்வாளாக.

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கத்திலும் ஓரத்திலும் கூட எழுதியிருக்கிறாய். 'அறுபத்தோரு வயசுல ரேஸ் காரா, மாமா?' என்று கேட்டிருக்கிறாய். ரேஸுக்கு வயது வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் தெரிவிக்கவும். 'கார்தான் வேணும்னா நாலு பேர் போற மாதிரி ஒரு அம்பாசடர் வாங்குங்க' என்றும் எழுதியிருக்கிறாய். அம்பாசடர் வாங்கினால் அதில் நான்கு பேர் அல்ல, ஒன்பது பேர் ஏறுவார்கள், அதில் ஆறு பேர் உன் அக்காள் வழி உறவு என்பது உனக்கே தெரியும். 'ஒரு காரே அதிகம்' என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாய். அதில் நமக்குள் பேதம் இல்லை. நானும் ஒன்றைத்தான் எடுக்கப்போகிறேன். எதை என்பதுதான் கேள்வி. அதற்கு நீ எழுதிய நான்கு பக்கத்தில் ஒரு வரி பதில் இல்லை.

உன் அக்காள் உனக்கு என்ன எழுதினாளோ தெரியாது, ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். உத்திரமேரூரில் ஞானதாஸ் ஐயா என்று ஒருவர், நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவருடைய கிணற்று இன்ஜினை இருபது வருஷமாக நான்தான் பார்க்கிறேன். எஸ்டேட் துரைமார் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது விட்டுப்போன இரண்டு வண்டிகளை அவர் வாங்கி வைத்திருந்தார். ஒன்று பச்சை எம்.ஜி., 1947ஆம் வருஷத்தது. மற்றது சிவப்பு டிரையம்ப், அதைவிடப் பத்து வருஷம் இளையது. இரண்டிலும் இரண்டு இரண்டு சீட்டுதான், கூரைக்குத் துணிதான். இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகளிடம் போகிறார். என்னைக் கூப்பிட்டு, "பச்சமுத்து, ஓட்டுற கைக்குத்தான் வண்டி. உனக்கு ஒரு ஜோடி கைதான் இருக்கு, ஒரு வண்டி எடுத்துக்கோ. இன்னொண்ணை சினிமாக்காரன் ஒருத்தன் மலையிலேர்ந்து உருட்டிவிடக் கேக்கறான். கொட்டகையில நின்னு துருப்பிடிச்சு சாவறதுக்கு அது தேவலாம்" என்றார். விலை எனக்கும் அவருக்கும் பேசி முடிந்தது, அது உனக்குத் தேவையில்லை. எதை எடுப்பது என்று நான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றதை ஏற்ற நாளை வெள்ளிக்கிழமை காலை லாரி வருகிறது. நான் ஒன்றைத் தொட்டால் மற்றது பள்ளத்தில் விழுந்து எரியும். இந்த நிலைமையில் ஒரு மனிதனை வைத்துவிட்டு 'சும்மா இருங்க மாமா' என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

இரண்டு வண்டியும் நம் மாட்டுக்கொட்டகையில் நிற்கின்றன. மாடு தற்காலிகமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது. உன் அக்காளுக்கு என்மேல் கோபம் வந்தது இதனால் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குச் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்கிறாள். "லச்சுமி, உங்க ஐயாவுக்கு சோறு போட்டு வெச்சிக்கீது, வந்து துன்னச் சொல்லு" என்பாள். மாடு என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் போய்ச் சாப்பிடுவேன். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, மாட்டுக்குத்தான் சிரமம்.

சிவப்பு வண்டியை முதலில் பார்த்தேன். முன்மூடியைத் தூக்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே இருந்தது யார் என்று நினைக்கிறாய்? 1962இல் பஞ்சாயத்து யூனியனின் பெர்குசன் டிராக்டரை இரண்டு மெக்கானிக் கைவிட்ட பிறகு நான் கழற்றிப் பூட்டினேனே, நாலாம் வகுப்பு படித்தவன் இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினேழு நாள், பூட்டி முடித்ததும் ஒரு போல்ட் மிஞ்சியது, அது இல்லாமலே வண்டி பத்து வருஷம் உழுதது, ஆகவே அந்த போல்ட் தேவையற்றது என்பது இன்றுவரை என் கருத்து, அந்த டிராக்டர் இன்ஜினின் உடன்பிறப்புதான் இதுவும். அதே குடும்பம், அதே முகஜாடை. இந்தச் சந்தோஷத்தை டீக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் முத்துவேல் கயிற்றோடு வந்து நின்றான். எருவண்டி கால்வாய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டதாம்.

"டிராக்டரு தானே மாமா, சும்மா ஒரு இஸ்ப்பு இஸ்துட்டுப் போங்க."

"இது டிராக்டர் இல்லடா. மணிக்கு நூறு மைல் போவும்."

"நூறு மைல் வாணாம் மாமா. நாலு அடி இஸ்தா போதும்."

இழுத்தேன். மறுக்க முடியாமல் இழுத்தேன் என்று எழுதிக்கொள். வண்டி எருவை இழுத்ததில் தவறில்லை, நன்றாகவே இழுத்தது. அன்று முதல் ஊரில் அதற்குப் பெயர் குட்டி டிராக்டர். கலப்பை எங்கே மாட்டுவது என்று இதுவரை மூன்று பேர் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டார்கள்.

சரி, பச்சைக்காவது மரியாதை கிடைக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் ரோட்டுக்குப் போனேன். நெட்டையான கம்பிச் சக்கரம், முன்கண்ணாடியை அப்படியே மடக்கிப் படுக்கவைக்கலாம், மடக்கினேன், காற்று முகத்தில் அடித்தது, நானும் ஒரு மாதிரி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரத்தில் வளைவு தாண்டியதும் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு செங்கேணி கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருக்கிறாள், பஸ்ஸும் லாரியும் ஏறி மிதிக்கட்டும் என்று ஒரு அடி உயரத்துக்கு. பஸ் ஏறும். இந்த வண்டியின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண். கதிரின் மேல் ஏறி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் முடுக்கினேன், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, மடக்கிய கண்ணாடிக்கு மேலாக உமி எழுந்து என் வாய், மூக்கு, சட்டைப்பை எல்லாம் நிறைந்தது. பின்னால் காஞ்சிபுரம் பஸ் வந்து நின்று, அதிலிருந்தவர்கள் இறங்கி வந்து கருத்துச் சொன்னார்கள். செங்கேணி ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், குனிந்து சக்கரத்தடியில் ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"யோவ் மாமா, நிறுத்தாத! சுத்து, இன்னும் சுத்து! லாரி ஏறினாக்கூட இப்டி உதிரல. இன்னாமா உதிருது பாரு!"

"இது கதிர் அடிக்கிற மிஷின் இல்ல, செங்கேணி. சீமைக் கார்."

"சீமக்காரன் நல்லாத்தான் பண்ணிக்கீறான். நாளைக்கும் இட்டாந்துடு. உளுந்து வேற கீது."

இப்போது ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. முத்துவேல் கட்சி சிவப்பு, இழுக்கும் என்பதற்காக. செங்கேணி கட்சி பச்சை, உதிர்க்கும் என்பதற்காக. நான் விவசாயக் கருவி வாங்கவில்லை, கார் வாங்குகிறேன் என்று டீக்கடையில் எழுந்து நின்று சொன்னேன். "அத்த தான் மாமா நாங்களும் சொல்றோம்" என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆகவே யார் பேச்சையும் கேட்காமல் சாஸ்திரப்படி முடிவு செய்ய உட்கார்ந்தேன். இன்ஜின்: சிவப்புக்கு மேன்மை, எனக்குப் பழகிய கை. சாமான்: சிவப்பு, சென்னையில் உறவுக்கார வண்டிகளின் சாமான் கிடைக்கும். வேகம்: சிவப்பு. பிரேக்: சிவப்பு. பச்சைக்கு உடம்பின் சட்டமே மரம், அதில் பெட்ரோல் காட்டும் முள் கூடக் கிடையாது, தீரப்போகும்போது ஒரு சின்ன விளக்கு எரியும், அதற்குள் நீ பங்க்கில் இருக்க வேண்டும். கடைசியாக, தரையிலிருந்து சீட்டின் உயரம். சிவப்பில் ஒன்பது அங்குலம், கதவு வழியாகக் கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம். பச்சையில் ஒரு அடிக்கு மேல், ஏறுவதற்கு வெளியே ஒரு படியும் உண்டு. உன் அக்காள் அரிசி புடைக்க உட்காரும் முக்காலி ஒரு அடி மூன்று அங்குலம். அதற்குக் கீழே உட்கார்ந்தால் அவளுக்கு முட்டி எழ விடாது. இது வெறும் தகவலுக்காக எழுதுகிறேன். நூல் பிடித்து அளந்தபோது அவள் பார்த்துவிட்டு, "லச்சுமி, உங்க ஐயா முக்காலியையும் விக்கப்போறாரு போலக் கீது" என்றாள்.

அவள் கோபம் மாட்டைப் பற்றியதில்லை என்பது பிறகுதான் விளங்கியது. பேச்சை நிறுத்துவதற்கு முன் அவள் நேராகச் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பேர்தான் குந்த முடியும்னா, புருசனும் பொண்டாட்டியும் மட்டும் ஊரு பாக்க குந்திக்கினு போறதா? இந்த வயசுலயா? கெயவனும் கெயவியும் ஜோடி போட்டுக்கினு போவுதுன்னு ஊரு சிரிக்காதா?"

வரதா, இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். கல்யாணமாகி மூன்றாம் நாள் உங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தோம். செங்கல்பட்டு ரோட்டில் எதிரே இதே ஜாதி வண்டியில் ஒரு துரையும் அவன் சம்சாரமும் போனார்கள். அந்த அம்மாள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் மாட்டை ஓரம் கட்டினேன். பாஞ்சாலி எனக்குப் பின்னால் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே இருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முப்பத்துநாலு வருஷமாகிறது. மாட்டுவண்டியில் நான் முன்னால், அவள் பின்னால். பஸ்ஸில் அவள் இடது பக்கம் பெண்கள் சீட்டில், நான் வலது பக்கம். சைக்கிளில் ஏற மாட்டேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் எங்கும் போனதில்லை. போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டி அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இவை அனைத்தையும் ஆராய்ந்து, சிவப்பு எல்லா விதத்திலும் மேலானது என்று தெளிவாகிறபடியால், பச்சையை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இடது சீட்டுக்குத் திண்டு தைத்தாகிவிட்டது. படியைத் துடைத்தாகிவிட்டது. அவள் ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி. சிவப்பு நாளை லாரியில் போகிறது. அந்த இன்ஜினின் சத்தத்தைக் கடைசியாக ஒரு முறை இன்று சாயங்காலம் கேட்டேன், அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. இந்த முடிவில் மாற்றம் கிடையாது. நீ நேரில் வந்தாலும் கிடையாது, ஆகவே வரவேண்டாம், வீண் பஸ் செலவு.

தேவகிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் பாலும் சோறும் குறையாதிருக்கட்டும். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, ஆனால் அந்த நான்கு பக்கத்தை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
பச்சமுத்து

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை மதியம்: மேலே எழுதிய முடிவைப் படிக்க வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. ஞானதாஸ் ஐயாவும் வண்டியை வழியனுப்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது உன் அக்காள் தலை வாரி, அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். திண்டு போட்ட பச்சையைத் தாண்டிப் போய்ச் சிவப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சினிமாக்காரன், "அம்மா, எறங்குங்க, வண்டிய ஏத்தணும்" என்றான். "எறங்கலாம்னுதான் பாக்கறேன், முட்டி வரல. உருட்டறதா இருந்தா என்னியும் சேத்து உருட்டு" என்றாள். அவன் பச்சைப் பக்கம் போனான். அது என்னுடையது, எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று நான் குறுக்கே நின்றேன். அப்போது அவள் மாட்டைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னா நின்னுக்கினு கீறீங்க? ரெண்டு வண்டில நாலு பேரு குந்தலாம் இல்ல? நாலு பேரா போனா குடும்பமாப் போவுதுன்னு சொல்லுவாங்க, எவன் சிரிப்பான்? என் தம்பி லைசென்சு வெச்சிக்கினு சும்மாதானே கீறான்?" ஞானதாஸ் ஐயா, "ஓட்டுற கை இன்னொரு ஜோடி இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா, பச்சமுத்து?" என்றார். லாரி டீ குடித்துவிட்டுக் காலியாகப் போனது.

ஆகவே லீவு எழுதிப் போட்டுவிட்டு, தேவகியைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வரவும். பச்சை உனக்கு. ரோட்டில் செங்கேணி உளுந்து பரப்பியிருப்பாள், கூப்பிட்டாலும் நிற்காதே.

உன் அக்காள் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறாள். முட்டி வரவில்லை என்கிறாள். கை கொடுத்தேன், வேண்டாம் என்றாள். காபி கொண்டுவந்து கொடுத்தேன். பலகையை மடியில் வைத்து இதை வலது சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதுவரை ஏழு பேர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் ஒருவரும் சிரிக்கவில்லை.