நானூறு கட்டுரைகளும் ஓர் இடுப்பெலும்பும்

பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செழித்து வளரும் ஒரு மனித இனம் உண்டு. அதற்குக் 'கடைசிப் பெயர்க்காரர்' என்று பெயர் வைக்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியாகும்போது தலைப்புக்குக் கீழே பெயர்கள் வரிசையாக நிற்கும், பார்த்திருக்கிறீர்களா? முதலில் நிற்பவர் உழைத்தவர். நடுவில் நிற்பவர்கள் உழைத்தவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தவர்கள். கடைசியில் நிற்பவர்? தான் இல்லாமல் எதுவுமே நடந்திருக்காது என்று எல்லோரையும் நம்பவைத்தவர்.

டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் பல்கேரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பேராசிரியர் லியூபென் கராஸ்தோயானொவ். அவர் படித்தது இதய மருத்துவம். ஆனால் அவர் பெயர் இதயத்தோடு நின்றுவிடவில்லை. ஈரலுக்குப் போயிற்று, தோலுக்குப் பரவிற்று, கண்ணில் ஏறிற்று, பிரசவ வார்டுக்குள் நுழைந்து, கடைசியில் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. மொத்தம் நானூறு கட்டுரை இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. கண் பிரிவில் எப்படி நுழைந்தார் என்று கேட்கிறீர்களா? அவர்களுடைய புதுக் கருவியை வைக்க இடமில்லாமல் தவித்தபோது தன் பழைய அறையின் சாவியைக் கொடுத்தார். சாவி கொடுத்தவர் ஆய்வாளர் இல்லையா?

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வார்டு பெருக்கும் அம்மாவின் மகனுக்குப் படுக்கை கிடைக்கவில்லை என்றால் நான்கு மாடி ஏறி இறங்கி வாங்கிக்கொடுப்பார். பெயர் விஷயத்தில்தான் கை கொஞ்சம் நீளம்.

அவருடைய முறை எளிமையானது. காபிக் கோப்பையோடு ஏதாவது ஒரு பிரிவின் வாசலில் வந்து நிற்பார். அப்படித்தான் ஒருநாள் மயக்க மருந்து டாக்டர் ரதோஸ்தினா மின்சேவாவின் மேஜைக்கு வந்தார். அந்தப் பெண் மூன்று வருஷமாக இடுப்பெலும்பு முறிந்து வருகிற நோயாளிகளின் பின்னாலேயே அலைந்து ஒரு கட்டுரையை முடித்திருந்தாள்.

"என்னம்மா, நம்ம கட்டுரை எந்த அளவுல இருக்கு?"

"நம்ம கட்டுரையா, புரொபசர்?"

"இடுப்பெலும்புதானே? ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டு இருந்த விஷயம். எங்க, காட்டு." தலைப்பை மட்டும் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். "இங்க ஒரு கால்புள்ளி போடு. படிக்கிறவன் மூச்சு விட வேண்டாமா?"

கால்புள்ளி விழுந்தது. கூடவே கட்டுரையின் கடைசியில் பெயரும் விழுந்தது. ரதோஸ்தினா ஏன் வாயைத் திறக்கவில்லை? அவளுடைய நிரந்தர வேலைக்குப் பரிந்துரை செய்ய வேண்டியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, அடுமனை வாசலில், சூடான பனித்ஸா பலகாரப் பொட்டலத்தைக் கோட்டுக்குள் பத்திரப்படுத்தியபடி படியிறங்கிய பேராசிரியர் உறைபனியில் வழுக்கி விழுந்தார். பாலாடைக்கட்டி அடைத்த பனித்ஸாவுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. இடது இடுப்பெலும்புதான் முறிந்தது. அரை மணியில் தன்னுடைய ஆஸ்பத்திரிக்கே, ஆனால் இந்த முறை மல்லாந்து படுத்தபடி வந்து சேர்ந்தார். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. இத்தனை வருஷத்தில் அந்தக் கூரையை அவர் பார்த்ததே இல்லை.

எலும்புப் பிரிவின் தலைவர் யாங்கோ த்ஸாசெவ் பழைய நண்பர். பேராசிரியரின் மனைவி ஸ்த்ராவ்கா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கையில் அந்தப் பொட்டலத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

"யாங்கோ, உயிர் போகுதுடா. அந்த வலி ஊசியை இன்னொண்ணு போடச் சொல்லு."

"முடியாது. உன் வயசுக்காரங்களுக்கு அதை அதிகமாப் போட்டா புத்தி குழம்பிடும்னு ஆய்வு இருக்கு."

"எந்த மடையன் எழுதினான்?"

யாங்கோ ஜன்னலைப் பார்த்தார். நர்ஸ் தன் செருப்பைப் பார்த்தாள்.

"நீதான் எழுதினே," என்றார் யாங்கோ.

கொஞ்ச நேரத்தில் தோல் பிரிவிலிருந்து இருவர் வந்து, படுக்கைப் புண் வராமலிருக்க அவரைப் பிடித்து ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். அவர் அலறிய அலறல் பிரசவ வார்டு வரை கேட்டதாம். இப்படி அடிக்கடி செய்ய வேண்டும், தூங்கினாலும் விடக்கூடாது என்று விளக்கினார்கள்.

"இதுவும் என்னோடதா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"ஆமா புரொபசர். ஆனா இதுல உங்க பேரு நடுவுல இருக்கு."

"நடுவுலயா?" வலியை மறந்து தலையைத் தூக்கினார். "யாரு என்னை நடுவுல போட்டது?"

ஈரல் பிரிவு வந்து பனித்ஸாவைப் பறிமுதல் செய்துகொண்டு போயிற்று. அதற்கும் ஒரு கட்டுரை இருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் யாரைத் திட்டத் தொடங்கினாலும் வாக்கியம் முடிவதற்குள் அந்தத் திட்டு அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

இதுவரை சிரிப்பு. பிறகு யாங்கோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"லியூபென், நீ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறே. காலையிலகூடச் சாப்பிட்டிருக்கே. பழைய வழக்கப்படின்னா மருந்து வேகம் குறையிற வரைக்கும் ரெண்டு நாள் காத்திருந்துட்டுத்தான் கத்தி வெப்பேன். காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே வெக்கலாம்னு உன் கட்டுரை சொல்லுது. அந்த முறையில என் பிரிவுல மத்தவங்க வெச்சிருக்காங்க, நான் இன்னும் யாருக்கும் வெச்சதில்ல. நீ சொல்லு. கட்டுரையும் உன்னோடது, இடுப்பும் உன்னோடது."

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். அந்தக் கட்டுரையில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கால்புள்ளிதான். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது? அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அது தெரிந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார்; ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. இதய டாக்டர் அல்லவா, அது பயம் என்று அவருக்கே தெரிந்தது.

"நீ என்ன எழுதினேன்னு சொல்லேன், லியூபென்," என்றாள் ஸ்த்ராவ்கா. கணக்கு வாத்தியார்கள் விடை தெரியாத பையனைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ரதோஸ்தினாவைக் கூப்பிடு," என்றார்.

அவள் அறுவை அரங்கத்துப் பச்சை உடையிலேயே ஓடிவந்தாள். "என்ன புரொபசர்? எல்லாம் கட்டுரையிலேயே இருக்கே."

"நான் அதைப் படிக்கலம்மா."

யாங்கோவுக்கும் ரதோஸ்தினாவுக்கும் அது புதிய செய்தி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கே தெரியும். ஆனால் அவர் வாயால் வந்ததுதான் புதிது. அறுபத்தாறு வயது மனிதர், கண்ணாடி இல்லாத முகத்தோடு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் நினைத்திருந்தால் அந்த நிமிஷத்தை நன்றாக ருசித்திருக்கலாம். ஆனால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்றேன், கேளுங்க. காத்திருந்தவங்களுக்குத்தான் நெஞ்சுல சளி கட்டுச்சு, காலுல ரத்தம் கட்டுச்சு. உடனே செஞ்சவங்களுக்கு ரத்தம் அதிகமாப் போகும்னு நானும் பயந்தேன். போகல. ஒரே ஒருத்தருக்குப் போச்சு. பொழைச்சுக்கிட்டாரு. அதையும் மறைக்காம எழுதியிருக்கேன். ஒவ்வொருத்தரையும் நானே வீடு தேடிப் போய்ப் பார்த்தேன்."

"மாத்திரை இன்னும் என் ரத்தத்துல இருக்கே?"

"இருக்கும். அதுக்குத் தயாராத்தான் செய்வோம். ரத்தம் எடுத்து வெச்சிருப்போம். நான் உங்க தலைமாட்டுல இருந்து நகரமாட்டேன்."

"உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவே?"

"எங்க அப்பா இவ்வளவு கேள்வி கேட்கமாட்டாரு. இன்னிக்கே செய்யச் சொல்லுவேன்."

"அப்ப செய்," என்றார் பேராசிரியர். ஸ்த்ராவ்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

செய்தார்கள். ரத்தம் அளவோடுதான் போயிற்று. மறுநாளே அவரைக் கட்டிலைவிட்டு இறக்கி நடக்கவைத்தார்கள். நடைபாதை முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தார், ஆனால் இந்த முறை யார் எழுதினார்கள் என்று கேட்கவில்லை. வார்டில் கிடந்த நாட்களில் அந்த இடுப்பெலும்புக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "கெட்டிக்காரிடி நீ," என்று தனியாகச் சொன்னதை நர்ஸ் கேட்டிருக்கிறாள்.

ஏப்ரலில் டாக்டர்கள் கூட்டத்துக்கு அவரைத்தான் அந்த ஆய்வைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். ஊன்றுகோலோடு மேடையேறினார். "இதைச் செஞ்சது டாக்டர் மின்சேவா. நான் செஞ்சது விழுந்ததுதான். அவங்க பேசட்டும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மே மாதம் அவளுக்கு நிரந்தர வேலையும் வந்தது. என்ன, அவள் பேசிய அரை மணியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவர் கண்ணை மூடி, தானே எழுதிக்கொடுத்தது போல ஆமோதித்துக்கொண்டிருந்தார். ஒரே வசந்தத்தில் மனிதன் எவ்வளவுதான் மாறுவான்?

கோடையில் யாங்கோவும் ரதோஸ்தினாவும் அவருடைய அறுவை சிகிச்சையைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதி, மரியாதைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். தக்காளி சாலட்டும் குளிர்ந்த ராக்கியா மதுவும் மேஜையில் இருந்தன. கட்டுரையை வாங்கியவர் வழக்கம்போல நேரே பெயர்களுக்குப் போனார்.

"நான் எங்க?"

"இதோ," என்று ரதோஸ்தினா இரண்டாவது பத்தியைக் காட்டினாள். 'அறுபத்தாறு வயது ஆண்' என்று இருந்தது.

"ஆணா? எந்த ஆண்? பேரு எங்க?"

"நோயாளி பேரை வெளியில சொல்லக்கூடாது புரொபசர். விதி."

"யாரு போட்ட விதி?"

"நீங்க தலைமை தாங்கின குழு."

"எலும்பு என்னோடது! வலி என்னோடது! ரத்தம் என்னோடது!" என்று மேஜையைத் தட்டினார். "இதைவிட ஒரு ஆய்வுக்கு ஒருத்தன் என்னடா கொடுக்கணும்?"

"பாவம்," என்றாள் ஸ்த்ராவ்கா, சாலட்டைப் பரிமாறியபடி. "நானூறுல இந்த ஒண்ணுலதான் முழுசா உழைச்சிருக்கே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்த்து, குழம்பில் ஒரு கரண்டி ருசி பார்த்து, "உப்பு ஒரு கல்லு" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகள் பாராட்டும்போது "நாங்க வெச்சதுதான்" என்று தலையை ஆட்டியது யார்? அலுவலகத்தில் கடைசி நாள் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டு "நம்ம டீம்" என்று மார்தட்டியது யார்? பேராசிரியர் வெகுதூரத்தில், டான்யூப் கரையில் இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நாளை இந்தக் கதையை யாரிடமாவது சொல்வீர்கள். "எங்கேயோ படிச்சேன்" என்று தொடங்குவீர்களா, அல்லது "எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர்..." என்று தொடங்குவீர்களா? அதைக் கவனியுங்கள், போதும்.