ரெண்டு மாநிலத்துப் பொண்ணு

ஷோபாவின் மணிக்கட்டுக்கு ஒரு கேடும் இல்லை. கட்டு மட்டும்தான் இருந்தது. அதையும் வெங்கடசாமிதான் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இறுக்குது. நிஜமாவே வீங்கிடும் போல.”

“வீங்கினா நல்லதுதான். பாக்கிறவன் நம்புவான்.”

“பொய்தானே சொல்லப் போறோம்? அதுக்கு எதுக்கு இத்தனை சுத்து?”

“பொய்யைத்தான் ஒழுங்கா சொல்லணும். அரைகுறையா சொல்றவன்தான் மாட்டுவான்.”

சமையல்கட்டிலிருந்து யசோதா எட்டிப் பார்த்தாள். “அவ ஆடுறது வலது கையில. நீங்க இடது கையில கட்டிட்டு இருக்கீங்க.”

வெங்கடசாமி அவிழ்த்து வலது கையில் கட்டினார்.

அவர் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு தையல் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர். யாரையும் நம்பமாட்டார். பால் பாக்கெட்டை மோந்து பார்ப்பார். காஸ் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் இன்னொன்றை மேற்கு வாசலிலும் விடுவார். ஜோடியாகக் கிடைத்தால்தானே திருடன் எடுப்பான்?

மகள் விஷயத்திலும் அதே வேலையைத்தான் பார்த்துவைத்திருந்தார்.

ஷோபா கேரம் ஆடுகிறவள். தெருமுனை மன்றத்தில் பையன்களோடு ஆடிப் பழகி, அவர்களை ஓடவிட்டு, பிறகு போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தவள். இந்த வருஷம் உலகக் கேரம் போட்டிக்கு இந்தியா சார்பில் இளம்பெண்கள் அணி போகிறது. அந்த அணியை எடுக்க டெல்லியில் தேர்வு. டெல்லிக்கு மாநிலத்துக்கு ஒரு பெண்தான் போகலாம். கர்நாடகாவில் ஷோபாவை விட்டால் ஸ்ரீவித்யா, ஸ்ரீவித்யாவை விட்டால் ஷோபா. ஞாயிற்றுக்கிழமை தொம்மலூரில் ரெண்டு பேருக்கும் ஆட்டம்.

“நம்மளைக் கூப்பிடுவாங்கன்னு நெனைக்கிறியா?” என்று வெங்கடசாமி வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். “நாம தமிழ்க்காரங்க. அந்தப் பொண்ணு லோக்கல். சங்கத்து செக்ரெட்டரி சந்திரம்மா அதுகிட்ட கன்னடத்துல எம்மாம் நேரம் பேசுச்சு, பாத்தல்ல? உனக்கு ‘குட்’னு ஒரே வார்த்தை.”

“அன்னிக்கு அவ தோத்துட்டு அழுதுட்டு இருந்தாப்பா. அதான் பேசினாங்க. நான் ஜெயிச்சேன், குட்னாங்க.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

அவருக்குத் தெரிந்தது ஒரு வழி. குடியிருக்கிற மாநிலத்துக்கும் ஆடலாம், பிறந்த மாநிலத்துக்கும் ஆடலாம் என்று விதி இருந்தது. யசோதாவுக்குத் தாய்வீடு ஓசூர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆக ஷோபா பிறந்தது தமிழ்நாட்டில். மாமன் வீட்டு விசேஷம் என்று மகளை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், அங்கே நடந்த மாவட்டத் தேர்வில் உட்காரவைத்துவிட்டார். அவளும் ஏதோ ஊர்ப்போட்டி என்று நினைத்து ஆடினாள். ஜெயித்துத் தொலைத்தாள். அடுத்தது சென்னையில் மாநிலத் தேர்வு.

அங்கே ஒரு செருப்பு, இங்கே ஒரு செருப்பு. வெங்கடசாமி நிம்மதியாகத் தூங்கினார்.

ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் சந்திரம்மா விதியை உரக்கப் படித்தபோதுதான் தூக்கம் போனது. ஒருவர் ஒரு மாநிலத்துக்குத்தான் பேர் கொடுக்கலாம். ரெண்டு இடத்தில் பேர் இருந்தால் ரெண்டும் போச்சு. ஒரு வருஷத்துக்கு எங்கேயும் ஆட முடியாது.

அது சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தெல்லாம் நம்மை ஏமாற்றத்தான் போடுகிறான் என்று வெங்கடசாமி அதைப் படிப்பதே இல்லை.

“ஓசூர்ல போய் வேணாம்னு சொல்லிட்டு வாங்க. முடிஞ்சுது” என்றாள் யசோதா.

“சும்மா வேணாம்னா ஏன்னு கேப்பான். கை உடைஞ்சவளை எவனும் ஏன்னு கேக்கமாட்டான்.”

அதற்குத்தான் கட்டு.

ஓசூர் சங்கத்தை நடத்துகிற கில்பர்ட், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஐயோ, பாப்பா! என்னம்மா ஆச்சு?”

“மாடிப்படியில விழுந்துட்டா சார்” என்றார் வெங்கடசாமி.

“பாத்ரூம்ல சார்” என்றாள் ஷோபா, அதே நேரத்தில்.

“மாடி பாத்ரூம்ல” என்று வெங்கடசாமி முடித்துவைத்தார். “அதனால பேரை எடுத்துடுங்க சார்.”

“பேரை எடுக்கறதா? சென்னைக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கே! இந்தக் கைக்காக நான் பதினஞ்சு மாசம் காத்திருப்பேன். உன் இடம் உனக்குத்தாம்மா. தைரியமா இரு.”

ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த ரத்தினம்மாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு டீ கொண்டுவந்து நீட்டினாள். ஷோபா கட்டுப் போட்ட கையால் டம்ளரை வாங்கி மளமளவென்று குடித்தாள்.

“கை நல்லாத்தானே வேலை செய்யுது?” என்றாள் ரத்தினம்மாள்.

“அதுதான் ஸ்போர்ட்ஸ்மேன்!” கில்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. “வலியை வெளியில காட்டுதா பாருங்க! பாப்பா, இப்படித் திரும்பு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

பேரை எடுக்கப் போனவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது ஷோபாவின் போன் சத்தம் போட்டது. படத்தைச் சுற்றி ரோஜாப்பூ. கீழே, ‘ஓசூரின் தங்கம் ஷோபா விரைவில் குணமடைய வேண்டுகிறோம்.’ யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பெங்களூர் ஆட்டக்காரர்கள் குரூப்புக்கும் அனுப்பிவைத்திருந்தான். எட்டுப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அடுத்த நிமிஷம் சந்திரம்மா போன். “நேரா தொம்மலூருக்கு வந்துடுங்க, ரெண்டு பேரும்.”

தொம்மலூர் ஹாலில் ஸ்ரீவித்யா ஆடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வழக்கம்போல மூலையில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் யாரோடும் பேசி வெங்கடசாமி பார்த்ததில்லை. “நமஸ்காரா” என்றால் தலையை மட்டும் ஆட்டுவார். சரியான கல்லுளிமங்கன் என்று வெங்கடசாமி அவரைக் கணக்குப் பண்ணிவைத்திருந்தார். ஆள் பலம் இருக்கிறவன் எதற்கு வாயைத் திறக்கப் போகிறான்?

சந்திரம்மா போனை நீட்டினார். அவருக்குத் தமிழும் வரும், கொஞ்சம் கன்னடத்தோடு வரும். “நோடி, இங்க பாருங்க வெங்கடசாமி அவரே, இது உங்க பொண்ணுதானே?”

வெங்கடசாமி படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். “மாதிரி இருக்கு.”

“மாதிரியா?”

“உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்க மேடம்.”

“ஏழு பேருக்கும் அதே கட்டா?”

பக்கத்தில் ஷோபா கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அதை அவிழ்க்கவேண்டும் என்று அப்பனுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

சந்திரம்மா பெருமூச்சு விட்டார். “நான் இன்னும் மேல எழுதல. எழுதினா பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிடும், பாவம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு ஊரை முடிவு பண்ணுங்க. இன்னொரு ஊரு வேணாம்னு எழுதிக் குடுங்க. நம்ம கடே, இந்தப் பக்கமே இருந்தா எனக்கு சந்தோஷம். இல்ல, உங்களுக்கு அதுதான் நல்லதுன்னா அங்க போங்க. நான் தடுக்கமாட்டேன்.”

வெளியே வந்ததும் வெங்கடசாமி மகளின் காதில் சொன்னார்: “பாத்தியா? நம்மளைத் தொரத்துது.”

வீட்டில் யசோதாவுக்கு அது விளங்கவில்லை. “அந்தம்மா நல்லதுதானே சொல்லியிருக்குது?”

“அதான் இடிக்குது. நமக்கு நல்லது சொல்லணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து? திட்டியிருந்தா நம்பியிருப்பேன்.”

“அப்ப எதைத்தான் நம்புவீங்க?”

“தமிழ்நாட்டுல நாம தமிழங்க. அங்க எவன் நம்மளை வேத்து ஆளுன்னு சொல்லுவான்?”

ஷோபா கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு போர்டை இழுத்துவைத்துக்கொண்டாள். பவுடர் தூவினாள். தனியாக ஆடினாள். ஸ்ட்ரைக்கர் போய்த் தட்டும் சத்தத்துக்கு நடுவில் பேசினாள்.

“ஞாயித்துக்கிழமை ஆடிப் பாத்துடறேன்ப்பா. ஓசூர் வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம். தோத்தா தோத்துட்டுப் போறேன்.”

“நீ தோக்கமாட்ட. தோக்கடிப்பாங்க.”

“கேரம்ல எப்படிப்பா தோக்கடிக்க முடியும்? காயின் பாக்கெட்ல விழுந்தா விழுந்ததுதானே?”

வெங்கடசாமி போர்டையே பார்த்தார். மகள் சிவப்புக் காயினை ஓரமாகத் தட்டி மூலைக் குழியில் போட்டாள். அதன் பின்னாலேயே, அதைச் செல்லுபடியாக்கும் ஃபாலோ காயினையும் போட்டாள். பத்து ஆட்டம் ஆடினால் எட்டில் ஸ்ரீவித்யாவை அடித்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவர் நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான். ஆனால் ஆடப்போவது அவள், கூப்பிடப்போவது வேறு ஆள். இருபது வருஷமாக இஸ்திரிப் பெட்டியோடு நின்றவருக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். வேலை செய்கிறவன் ஒருத்தன், பேர் கூப்பிடுகிறவன் வேறொருத்தன்.

மறுநாள் கர்நாடகா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். சந்திரம்மா ரெண்டு தடவை படித்தார். ஷோபாவின் தலையில் கையை வைத்து, “ஒள்ளேதாகலி மகளே” என்றார். நல்லது நடக்கட்டும் என்று அர்த்தம்.

‘என்ன நடிப்பு’ என்று நினைத்தார் வெங்கடசாமி.

அன்று ராத்திரி ஷோபா போர்டை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பனும் மகளும் ஓசூர் ஹாலில் இருந்தார்கள். கில்பர்ட் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாலே நாள்ல ஆறிடுச்சா! என்ன வைத்தியம் பண்ணீங்க?”

“முட்டைப் பத்து போட்டோம் சார்.”

“நாட்டுக் கோழியா?”

“ஆமா சார். வெள்ளைக்கரு மட்டும்.”

“எங்க வீட்டம்மாவுக்கு முட்டி வலி. இன்னிக்கே போடச் சொல்றேன்.” கில்பர்ட் எழுந்தார். “இருங்க, சென்னைக்கு அனுப்பறதுக்கு ஒரு கையெழுத்து வேணும். பாப்பா, நல்லா ஆடணும். எல்லா மாவட்டத்துலேருந்தும் வருவாங்க. சீட்டு ஒண்ணுதான்.”

வெங்கடசாமி அவர் பக்கத்தில் போனார். “சென்னைக்காரங்க நடத்துற போட்டியில ஓசூர் பொண்ணைக் கூப்பிடுவாங்களா சார்?”

“ஜெயிச்சா கூப்பிட்டுத்தானே ஆகணும்?” என்று சொல்லிவிட்டு கில்பர்ட் உள்ளே போனார்.

எல்லா ஊரிலும் இதையேதான் சொல்கிறான்கள் என்று வெங்கடசாமி நினைத்துக்கொண்டார்.

ஷோபாவின் போனில் பெங்களூர் குரூப் இன்னும் இருந்தது. அதில் படம் வந்து விழுந்தது. தொம்மலூர் ஹால், கழுத்தில் மாலையோடு ஸ்ரீவித்யா, பக்கத்தில் அவள் அப்பா. எதிர்த்து ஆட ஆள் இல்லாததால் ஸ்ரீவித்யா டெல்லிக்குத் தேர்வு.

ஷோபா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

“பாத்தியா!” வெங்கடசாமி தொடையைத் தட்டினார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் முகத்தில் ஒரு நிறைவு. “நான் சொன்னேனா இல்லையா? அவங்க ஆளுக்குத்தான் குடுப்பாங்கன்னு அன்னிக்கே சொன்னேன். நீயும் உங்கம்மாவும் என்னைப் பைத்தியக்காரன்னு நெனச்சீங்க.”

டீ டம்ளரோடு வந்த ரத்தினம்மாள் அவர் தோளுக்கு மேலே குனிந்து போனைப் பார்த்தாள்.

“அட, நம்ம ஸ்ரீவித்யா! ஓசூர்க்காரப் பொண்ணுங்க, இந்த ஹால்லதான் ஆடப் பழகுச்சு. சென்னையில நம்ம புள்ளைய எவன் எடுப்பான், பெங்களூர்லதான் நியாயமாப் பாப்பாங்கன்னு அவங்கப்பாதான், பொண்ணு பொறந்தது பெங்களூர்தான்னு கணக்குக் காட்டி அங்க கொண்டுபோய்ச் சேத்துட்டாரு.”