சம்பந்தி மாட்டிய வெந்நீர்த் தொட்டி

மங்கிஸ்தாவ் எண்ணெய் வயலில் கம்பெனிச் செலவில் கதகதவென்று தூங்கிக்கொண்டிருக்கும் என் மகன் எர்கெபுலானுக்கு,

கொக்ஷெதாவிலிருந்து உன் அப்பா கெஞ்செதாய், இரண்டு கோட்டும் ஒரு ரோமத் தொப்பியும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று கேள்வி. இருந்துகொள். இங்கே யாரும் சுகமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் மனைவி ரௌஷான் எந்நேரமும் பக்கத்தில் இருக்கிறாள், சொல்லப்போவதோ அவள் அப்பாவைப் பற்றி. அதனால்தான் கடிதம்.

பேரன் பிறந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் தொட்டில் கொண்டுவருவார்கள். உன் மாமனார் மெய்ராம்பெக் தொட்டிலோடு ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டியும் கொண்டுவந்தாரே, அதுதான் வினை. ஒரு குதிரை கொடுத்திருந்தால் சாப்பிட்டுத் தீர்த்திருப்போம். இந்தத் தொட்டிக்குச் சொந்தமாக நெருப்பும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அறைகளைச் சூடாக்குகிற நம் வீட்டு நிலக்கரிக் கொதிகலனில் காய்கிற தண்ணீரைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஓடவிட்டு, அந்த ஓசிச் சூட்டில் குளிக்கிற தண்ணீரைக் காய்ச்சும். பிளம்பரைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். “என்ன சம்பந்தி, நான் செத்தா போயிட்டேன்? டிராக்டரையே பிரிச்சு மாட்டுனவன் நான்!” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். சம்பந்தி கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கின கஜாக் எவனாவது உண்டா? வேலை முடிந்ததும், பெரிய விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கிற ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்து, “நீங்க தொட்டதெல்லாம் பொன்னாகும்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

குழாய்களைச் சரியாகத்தான் மாட்டினார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாச்சு என்று கொதிகலனுக்குச் சொல்ல ஒரு கம்பி இருக்கிறது. அதைத் தொட்டியின் பக்கத்தில் உள்ள துளையில் செருக வேண்டும். மனுஷன் அதை வெளியே தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். அது கொதிகலன் அறைக் குளிரில் தொங்கிக்கொண்டு, “ஐயோ, தண்ணி ஜில்லுன்னு இருக்கே, ஜில்லுன்னு இருக்கே” என்று ஓயாமல் ஒப்பாரி வைக்கிறது. விருந்தாளிக்குத்தான் முதல் பந்தி என்பதுபோல, தொட்டி சூடான பிறகுதான் அறைகளுக்குச் சூடு என்று வேறு திருகிவைத்திருக்கிறார். ஆகவே எல்லாச் சூடும் தொட்டிக்கே. அது கொதிச்சுக் கொதிச்சு வால்வு வழியாச் சீறுது, அறைக்குச் சூடு தர்ற ரேடியேட்டரெல்லாம் பிணம் மாதிரி கிடக்கு. வெளியே மைனஸ் முப்பது. குளியலறைக் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகிறது, படுக்கையறையில் வைத்த தேநீர் மேல் ஆடைக்குப் பதில் பனி படர்கிறது.

கம்பியை உள்ளே தள்ள வேண்டியதுதானே என்பாய். அங்கே உட்கார்ந்துகொண்டு நல்லா சொல்லுவே. நான் தள்ளினால், “உன் அப்பனுக்கு வேலை தெரியாது” என்று மருமகள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகாதா? அவளும் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டாள், எனக்குத் தெரியும். மாமனார் வீட்டில் அப்பாவை விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. நேற்று மெதுவாகக் கேட்டேன்.

“ஏம்மா, வீடு கொஞ்சம் குளிருதோ?”

“இல்லீங்க மாமா, இதமா இருக்கு” என்றாள், பல் தந்தியடிக்க.

“ஆமாம்மா, எனக்கே வேர்க்குது.”

உன் அம்மா குல்யாஷ் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் மரியாதையைப் போத்திக்கிட்டுப் படுங்க! பச்சப்புள்ள இருமுறது காதுல விழுதா இல்லையா?” என்று கத்தினாள். அவளுக்குக் கம்பி விவகாரம் தெரியாது. தெரிந்தால் அந்தத் துளைக்குள் சம்பந்தியையே செருகிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு நாற்பதாம் நாள் குளியல். ஆளுக்கொரு கரண்டி வெந்நீர் ஊற்ற ஊர்ப் பெண்களெல்லாம் வருவார்கள். ஊற்றின பிறகு அந்தப் பிஞ்சை ஈரத்தோடு இந்தப் பனிக்குகைக்குள் தூக்கிவருவதா? ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். நீ உடனே லீவு போட்டு வந்து அந்தக் கம்பியை உள்ளே தள்ளு. வராவிட்டால், ஊர் கூடியிருக்கும்போதே உன் மாமனாரிடம் “உமக்கு ஸ்க்ரூவும் தெரியாது, ஸ்பேனரும் தெரியாது” என்று சொல்லிவிட்டு, தொட்டியைப் பெயர்த்து அவர் வாசலில் வைத்து, உறவையே முறித்துவிடுவேன். இதில் மாற்றமில்லை.

உன் கைகால் விறைக்காமல் இருக்கட்டும். உன் சட்டியில் கறியும் உன் அறையில் சூடும் குறையாதிருக்கட்டும்.

விறைத்த விரல்களோடு,
உன் அப்பா கெஞ்செதாய்

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று காலை கொதிகலன் அறைக்குப் போனேன். தோளில் பிள்ளையோடு ரௌஷான் தொட்டியோரம் நின்றிருந்தாள். “நிலக்கரி இருக்கான்னு பாக்க வந்தேன் மாமா” என்றாள். “நானும் அதுக்குத்தாம்மா வந்தேன்” என்றேன். பிள்ளை இருமினான். அவள் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், நான் இந்தப் பக்கச் சுவரை. மறுபடி பார்த்தபோது கம்பி உள்ளே இருந்தது. யார் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, நீயும் கேட்காதே. வீடு முழுக்கச் சூடு, பிள்ளை தூங்குகிறான். நீ வர வேண்டாம். மத்தியானம் உன் மாமனார் வந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, “பாத்தீங்களா சம்பந்தி, நம்ம கைவேலைய!” என்றார். இன்னொரு ஆட்டுத்தலை வைத்தேன். அடுத்த வாரம் உன் அண்ணன் வீட்டிலும் ஒன்று மாட்டித் தருகிறாராம். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கி அனுப்பு.