சாப்பாட்டு மேசைப் பந்தயம்

என் மனைவி ஒரு ஸ்க்ரூவைக் கடித்த அன்றுதான் எங்கள் வீட்டில் என் ஆட்சி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னால் ஆட்சி இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. ஒரு மேசை அளவுக்கு இருந்தது.

சின்ன ஸ்க்ரூதான். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. என் ரிமோட் பந்தயக் காரில் சக்கரம் திருப்பும் சர்வோவில் மாட்டுவது. சர்வோவைக் கழற்றும்போது ஸ்க்ரூ எல்லாம் உருண்டு ஓடிவிடக் கூடாது என்று அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து அதில் போட்டிருந்தேன். வேலை முடிந்ததும் கிண்ணத்தைப் பொறுப்பாகத் திருப்பி வைத்தேன். அதன் அடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அதில் குழம்பை ஊற்றிய அவளும் பார்க்கவில்லை.

"கடக்" என்று சத்தம் கேட்டது. மெல்லுவதை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். வாயிலிருந்து எதையோ எடுத்து விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"இதைத்தாம்மா காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன்."

சந்தோஷத்தில் வாய்தவறி வந்துவிட்டது. ஒரு மனிதன் எதைக் கேட்டிருக்க வேண்டும்? பல்லுக்கு ஒன்றும் ஆகலையே என்று கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்துத் தெளிவாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது ஒரு வாசனைதான். ஈயம் உருகும் புகையும் டயர் ஒட்டும் பசையும் கலந்த வாசனை. மாடியில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, வெளியே தண்ணீர்த் தொட்டி வைத்த மொட்டை மாடி. இதுதான் எங்கள் வாடகை வீடு. கூடத்தில் ஒரு மேசை. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கல்யாணமான புதிதில் இருவரும் போய் ஆசையாக வாங்கியது. வாங்கிய மாதமே அதில் ஒரு ரிமோட் கார் ஏறியது. விருந்தாளியாக வந்த கார் சீக்கிரமே வீட்டுக்காரர் ஆகிவிட்டது. பின்னாலேயே பேட்டரிகள், சார்ஜர், பல்சக்கரங்கள், டயர்கள், திருப்புளிகள் என்று அதன் சொந்தபந்தம் முழுவதும் குடியேறியது. நாங்கள் இருவரும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஒரு கையில் தட்டும் மறு கையில் சர்வோவுமாக நான் சாப்பிட்டதும் உண்டு.

அவள் குறை சொன்னதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

கீழ்வீட்டில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். அதே வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். வாரம் முழுக்க அடுத்தவர் வாயில் துளை போடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் கிளப்பில் மைக் பிடித்துத் தன் வாயைத் திறப்பார். என் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்பிள்ளை. உடைந்த பல்லோடு அவளை அவரிடம் அழைத்துப் போனேன்.

"ஓரத்துலதான் உடைஞ்சிருக்கு. பல்லை நான் சரி பண்ணிடறேன், தங்கச்சி. வீட்டுக்காரரை நீதான் சரி பண்ணணும்."

வாயில் பஞ்சோடு அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. தொழில் அப்படி.

"மேசையைக் காலி பண்ணணுமாம், மாப்ள."

"முடியாது டாக்டர். அது என் பட்டறை."

பஞ்சை எடுத்துவிட்டு அவளே பேசினாள். "அண்ணா, நான் பெரிசா எதுவும் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டதே இல்ல. பக்கத்துல உக்காந்து இவரு காதைப் பாத்துக்கிட்டே சாப்பிடறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் காதையும் பார்த்தார்.

"பந்தயத்துல முடிவு பண்ணிக்குங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கார் ஓட்டுங்க. ஜெயிச்சவங்களுக்கு மேசை. அதுல என்ன வைக்கணும்கறது ஜெயிச்சவங்க இஷ்டம். என்ன தங்கச்சி?"

"சரிண்ணா."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அதுவரை ரிமோட்டைத் தூசி துடைக்க மட்டும்தான் கையில் எடுத்திருந்தாள்.

ஆனாலும் மாடிப்படி ஏறும்போதே எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. மேசை போய்விட்டால் நான் எங்கே போவேன்? கட்டிலில் உட்கார்ந்து பல்சக்கரம் மாட்ட முடியுமா? கிளப்பில் என்னை மதித்ததே ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். சர்வோ செட்டிங் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆபீசில் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கிளப்பில் எனக்கு நாற்காலி போடுவார்கள். அந்த மரியாதை முழுவதும் அந்த மேசைமேல் நின்றது.

சர்வோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. நாம் ரிமோட்டில் திருப்புவதை வாங்கி முன்சக்கரங்களைத் திருப்புவது அதன் வேலை. பழைய சர்வோ பிறந்த குணத்தோடு இருக்கும். அப்போது புதிதாக வந்தது வேறு ஜாதி. ஒரு வயரால் லேப்டாப்பில் கோத்து அதன் குணத்தையே மாற்றலாம். எவ்வளவு வேகமாகத் திரும்புவது, எவ்வளவு தூரம் திரும்புவது, நம் கையின் சின்ன அசைவில் எவ்வளவு வரைக்கும் கண்டுகொள்ளாமல் விடுவது, எல்லாவற்றுக்கும் திரையில் ஒரு கோடு இருக்கும். கோட்டை இழுத்தால் குணம் மாறும்.

"இந்த மாதிரி ஒரு வயர் மனுஷனுக்கு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றேன் அவளிடம்.

"எதுக்கு வயரு? நான் வயர் இல்லாமலேயேதானே உங்கள ட்யூன் பண்ணிட்டிருக்கேன்."

என்னிடம் இரண்டு கார்கள் இருந்தன. புதிய நீலம் எனக்கு. பழைய சிவப்பு அவளுக்கு. இரண்டிலும் புதிய சர்வோ. இரண்டையும் செட் பண்ணுவது நான். இதைவிட நல்ல நிலைமை ஒரு புருஷனுக்கு அமையுமா? அன்று சர்வோ என் கையில் இருந்தது. சர்வமும் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் என் நீலத்தைக் கோத்தேன். வேகக் கோட்டைக் கடைசி வரை இழுத்தேன். கண்டுகொள்ளாமல் விடும் அளவை அடியோடு குறைத்தேன். நான் மூச்சு விட்டால்கூடக் கார் கேட்க வேண்டும். மற்றவர்களுக்குச் செட் பண்ணும்போது இப்படிச் செய்யவே கூடாது என்று பாடம் எடுப்பவன் நான்தான். ஆசை வந்தால் வாத்தியாருக்கே பாடம் மறந்துவிடுகிறது.

அப்புறம் சிவப்பு. வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். கண்டுகொள்ளாமல் விடும் அளவைத் தாராளமாகக் கூட்டினேன். அரசாங்க ஆபீஸ் மாதிரி நாலு தடவை சொன்னால் ஒரு தடவை கேட்கட்டும். திரும்பும் தூரத்தையும் வெட்டினேன். பந்தயப் பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்று உண்டு. அதில் சிவப்பு திரும்பவே திரும்பாது என்று எனக்குத் தெரியும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள்.

"என்னோடது ஏங்க இவ்வளவு மெதுவா திரும்புது?"

"அது நளினம்."

"உங்களோடது படபடன்னு திரும்புதே?"

"அது வேகம். உனக்கு அடங்காது."

"அப்ப எனக்கு நளினமே போதும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் உறுத்தல் இருந்த இடத்தில் மேசையும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மொட்டை மாடியில் ஏதோ சர்ரென்று ஓடுகிற சத்தம் கனவில் கேட்டது. நல்ல கனவு என்று திரும்பிப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரிய கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடம்தான் எங்கள் மைதானம். அன்று கடை விடுமுறை. சாக்பீஸால் கோடு போட்டு, வளைவுகளில் பழைய தண்ணீர்க் குழாய்களை வெட்டி வரப்பு கட்டியிருப்போம். இப்போது அந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் கொண்டை ஊசி வளைவு எந்தத் தூணுக்குக் கீழே இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். டாக்டரும் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்களோடு அன்று சிரித்தவர்களில் சிலர் இப்போது இல்லை. அந்த ஒரு காலை மட்டும் எனக்கு இன்னும் வெயிலோடு அப்படியே இருக்கிறது.

"பத்துச் சுற்று" என்று மைக்கில் சொன்னார் டாக்டர். "பந்தயம் ஒரு மேசைக்காக. தங்கச்சி இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம். கிளம்பலாம்."

கிளம்பினோம். நீலம் சீறிப் பாய்ந்தது. முதல் சுற்றிலேயே சிவப்பைப் பாதித் தூரம் பின்னால் விட்டேன். திரும்பி அவளுக்கு ஒரு புன்னகை கொடுக்கலாம் என்று நினைத்தபோதுதான் கவனித்தேன். நேர்ப்பாதையில் என் முன்சக்கரங்கள் நடுங்கின. குளிர் காய்ச்சல் கண்டவன் பல் மாதிரி நடுங்கின. சர்வோ சரியாகத்தான் வேலை செய்தது. நடுங்கியது என் கை. மேசை போய்விடுமோ என்ற கவலையில் என் விரலில் எழுந்த ஒவ்வொரு துடிப்பையும் அது விசுவாசமாகச் சக்கரத்துக்கு அனுப்பியது. என் வீட்டில் அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். அதனாலேயே நான் கெட்டேன்.

இரண்டு தடவை வரப்பில் முட்டினேன். ஆறாவது சுற்றில் ஏதோ கருகும் வாசனை வந்தது. ஓயாமல் நடுங்கி நடுங்கிச் சர்வோ சூடேறிவிட்டது.

அவள்? நிதானமாக வந்துகொண்டிருந்தாள். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். ரிமோட்டைச் சட்டுச் சட்டென்று இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஆனால் சிவப்பு அதில் பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மீதியை ஆற அமரச் செய்தது. அவளுடைய பதற்றத்தை எல்லாம் வடிகட்டி, வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போவதற்கு நானே வழி பண்ணிக் கொடுத்திருந்தேன்.

இருந்தாலும் கொண்டை ஊசி இருக்கிறது என்று தெம்பாக இருந்தேன். அதில் அவள் ஒவ்வொரு சுற்றும் முட்ட வேண்டும். முட்டவில்லை. சிவப்பு வளைந்து கொடுத்துத் திரும்பி வெளியே வந்தது. எனக்குப் புரியவே இல்லை. அவளுடைய காரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் காரை மறந்துவிட்டேன். கடைசிச் சுற்றில் நீலம் அதே வளைவில் வரப்பின்மேல் ஏறி, கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து விழுந்து நாலு சக்கரமும் சுற்றியது. சிவப்பு அதைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கோட்டைத் தாண்டியது.

கூட்டம் கைதட்டி ஓய்ந்ததும் டாக்டர் மைக்கை அவள் முன்னால் நீட்டினார்.

"முதல் தடவையே இவ்வளவு அழகா ஓட்டினியே. எப்படி தங்கச்சி?"

"எல்லாம் இவரோட செட்டிங்தாண்ணா. எனக்கு எது வசதின்னு யோசிச்சு யோசிச்சு செஞ்சு குடுத்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொண்டாட்டி ஜெயிக்கணும்னு விட்டுக் குடுத்தீங்க பாருங்க, அது பெரிய மனசு சார்." நான் என்ன சொல்வது? ஐயா, நான் அவளைக் கவிழ்க்கத்தான் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? தலையைத் தாழ்த்தி அந்தப் பெரிய மனசை ஏற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மேசையைக் காலி செய்தேன். எல்லாம் இரண்டு அட்டைப்பெட்டியில் அடங்கிக் கட்டிலுக்கு அடியில் போனது. முதல் தடவையாக எதிரெதிரே உட்கார்ந்தோம். சாப்பிடும்போது அவள் இடையிடையே கண்ணை மூடிக்கொள்வாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நான் எதைப் பார்த்தேன்? எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"கொண்டை ஊசியில எப்படித் திரும்பிச்சு?" என்று மெல்லக் கேட்டேன்.

"நேத்து மத்தியானம் மொட்ட மாடியில ஓட்டிப் பாத்தேன். தண்ணித்தொட்டிகிட்ட திரும்பவே மாட்டேங்குது. வயரை மாட்டித் திரும்பற தூரத்துக் கோட்டை மட்டும் பழையபடி இழுத்துவிட்டேன்."

"உனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். உங்க காதுக்கு அந்தப் பக்கம் திரையும் தெரியும்ல."

"மத்ததையும் பாத்தியா?"

"பாத்தேன். மெதுவா வெச்சிருந்தீங்க. அதுல ஓட்டத்தான் எனக்குச் சுகமா இருந்துச்சு. அதான் அப்படியே விட்டுட்டேன்." தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

ஒரு வாரம் ராஜ போஜனம். தோற்றதே நல்லது என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன். எட்டாம் நாள் ஆபீசிலிருந்து சீக்கிரமாக, பசியோடு, அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடும் ஆசையோடு வந்தேன். மேசையில் தட்டு வைக்க இடம் இல்லை. நடுவில் சிவப்புக் கார் சக்கரம் கழற்றிக் கிடந்தது. லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அவளைக் கிளப்பில் சேர்த்துவிட்டாராம். மாவட்டப் போட்டிக்குப் போகிறாளாம்.

"என்னம்மா இது? இது சாப்பாட்டு மேசை இல்லையா?"

"ஜெயிச்சவங்க இஷ்டம்னுதானே பேச்சு?" திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு மேசை வேணும்னா ஞாயித்துக்கிழமை என்கூட ஓட்டி ஜெயிச்சுக்குங்க" என்றாள் அவள். "கவலைப்படாதீங்க, உங்க காரை நானே செட் பண்ணித் தர்றேன்."